பிறந்ததும் அழுததா?

எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளையை மதிப்பீட்டுக்கு அழைத்துப் போனால், பிள்ளையிடம் ஒரு சொல் கேட்பதற்கு முன்பு அம்மாவிடம் பத்துக் கேள்வி கேட்பார்கள். எத்தனையாவது மாதத்தில் பிறந்தான்? சுகப்பிரசவமா, ஆபரேஷனா? பிறந்ததும் அழுதானா? எடை எவ்வளவு? கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்களா? மஞ்சள் காமாலை, வலிப்பு ஏதாவது வந்ததா? கர்ப்பத்தில் உங்களுக்குச் சர்க்கரை, பிரஷர்? கேட்பவருக்கு அது தினமும் நிரப்பும் படிவம். கூட வந்திருக்கும் மாமியாரோ, கிரகணத்தன்று மொட்டை மாடிக்குப் போனதையும் பப்பாளி தின்றதையும் மனத்துக்குள் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்வார். எட்டு வருடம் கழித்து நடக்கும் விசாரணையில் கூண்டேறியவரைப் போலத்தான் பல அம்மாக்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் 160 ஆண்டுகளுக்கும் மேலான மருத்துவ வாதம் ஒன்று இருக்கிறது. அதில் எது நின்றது, எது விழுந்தது என்று பார்க்கலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிரசவ அறையின் மேல் நாம் போடும் பழி அதிகம். அதற்கு முந்தைய மாதங்களையும் பிந்தைய ஆண்டுகளையும் நாம் போதுமான அளவு கவனிப்பதில்லை.

வாதத்தைத் தொடங்கியவர் லண்டன் எலும்பு மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில். 1861இல் அங்குள்ள மகப்பேறு மருத்துவர் சங்கத்தில் அவர் ஒரு கட்டுரை வாசித்தார். கடினமான பிரசவம், குறைப்பிரசவம், பிறந்தவுடன் மூச்சுத் திணறல் ஆகியவை குழந்தையின் உடலையும் அறிவையும் பிற்காலத்தில் பாதிக்கும் என்றார். மனப் பகுப்பாய்வால் புகழ்பெறுவதற்கு முன் நரம்பு மருத்துவராக இருந்த சிக்மண்ட் ஃப்ராய்ட், 1897இல் அந்த வாதத்தைத் தலைகீழாகத் திருப்பினார். பிரசவம் கடினமானதால் குழந்தை பாதிக்கப்பட்டதா, கருவிலேயே பாதிப்பு இருந்ததால் பிரசவம் கடினமானதா என்று கேட்டார். அந்தக் கேள்வியை அப்போது யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1950களில் அமெரிக்காவின் பெஞ்சமின் பசமானிக்கும் ஏப்ரகாம் லிலியன்ஃபெல்டும் லிட்டிலின் கருத்தை இன்னும் நீட்டினார்கள். சிக்கல் மிகக் கடுமையானால் குழந்தை இறந்து பிறக்கிறது; சற்றுக் குறைந்தால் பெருமூளை வாதமும் வலிப்பும்; மேலும் குறைந்தால் நடத்தைக் கோளாறும் வாசிப்புக் குறைபாடும் வருகின்றன; எல்லாம் ஒரே வரிசையின் படிகள் என்றார்கள். கேட்க அழகான கோட்பாடு. நம்மூர்ப் படிவத்தில் இன்றும் அந்த வாடை அடிக்கிறது.

கோட்பாட்டைச் சோதிக்க அமெரிக்க அரசு பணம் போட்டது. 1959 முதல் 12 பல்கலைக்கழக மருத்துவமனைகளில் சுமார் 55 ஆயிரம் கர்ப்பங்களைப் பதிவுசெய்து, பிறந்த குழந்தைகளை 7 வயது வரை தொடர்ந்தார்கள். முன்னோக்கித் தொடர்ந்ததுதான் இதன் பலம். படிக்கச் சிரமப்படும் பிள்ளையின் அம்மாவிடம் பின்னோக்கிக் கேட்டால், அவர் நினைவைத் துருவித் துருவி ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்வார். நன்றாகப் படிக்கும் பிள்ளையின் அம்மாவுக்கு அதே சம்பவம் மறந்தே போயிருக்கும். முன்கூட்டிப் பதிவுசெய்தால் அந்தச் சிக்கல் இல்லை.

முடிவுகள் லிட்டிலின் பக்கம் சாயவில்லை. அழுகை, நிறம், நாடித் துடிப்பு, மூச்சு, தசை வலு ஆகியவற்றுக்குப் பத்துக்கு இத்தனை என்று குழந்தைக்கு மதிப்பெண் போடுவார்களே, அந்த அப்கார் மதிப்பெண்ணைக் கேரின் நெல்சனும் ஜோனஸ் எல்லன்பெர்க்கும் இந்தத் தரவில் ஆராய்ந்தார்கள். பின்னாளில் பெருமூளை வாதம் கண்ட குழந்தைகளில் 73 விழுக்காட்டினர், பிறந்த ஐந்தாவது நிமிடத்தில் 7 அல்லது அதற்கு மேல் வாங்கியிருந்தார்கள். நன்றாக அழுதவர்கள்தான் அவர்கள். பெருமூளை வாதத்துக்கே இந்த நிலை என்றால், அதைவிட நுட்பமான கற்றல் சிரமத்தை முதல் அழுகையோடு முடிச்சுப் போடுவது எப்படி? அதே தரவிலிருந்து சாரா புரோமன் குழுவினர் 1975இல் வெளியிட்ட நூல், 4 வயதுக் குழந்தையின் நுண்ணறிவு மதிப்பெண்ணை நூற்றுக்கு மேற்பட்ட காரணிகளோடு ஒப்பிட்டது. முன்னால் நின்றவை அம்மாவின் படிப்பும் குடும்பத்தின் பொருளாதார நிலையும்தான். பிரசவச் சிக்கல்கள் வெகு பின்னால் நின்றன.

கற்றல் சிரமம் என்று ஒரே பெயரில் நாம் அழைப்பதற்குள் குறைந்தது இரண்டு வகை இருக்கிறது. பொதுவான அறிவு வளர்ச்சியே மந்தமாக இருப்பது ஒன்று. மற்றபடி சூட்டிகையாக இருந்துகொண்டு, வாசிப்பில் மட்டுமோ கணக்கில் மட்டுமோ தடுக்கி விழுவது மற்றொன்று. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளுள் இந்த இரண்டாவதும் தனியாக இடம்பெற்றது. டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாட்டில் பரம்பரையின் பங்கு பெரிது. இரட்டைக் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வுகள், வாசிப்புத் திறனில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் பாதியோ அதற்கு மேலோ மரபணுவைச் சார்ந்தது என்கின்றன. ஆகவே மதிப்பீட்டுப் படிவத்தில் அப்பாவைக் கேட்க ஒரு நல்ல கேள்வி உண்டு: உங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் தமிழும் ஆங்கிலமும் எப்படி வந்தன? பெரும்பாலும் அப்பா அன்று வந்திருக்கவே மாட்டார்.

அப்படியானால் பிறப்பு எதையுமே தீர்மானிப்பதில்லையா? தீர்மானிக்கிறது. அழுகையை விட நாட்கணக்கு அதிகம் பேசுகிறது.

புணே கே.இ.எம். மருத்துவமனையில் 1987க்கும் 1989க்கும் இடையே 2 கிலோவுக்குக் குறைந்த எடையில் பிறந்து உயிர் பிழைத்த குழந்தைகளைச் சுதா சௌத்ரியின் குழு ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. 12 வயதில் அவர்களின் சராசரி நுண்ணறிவு ஈவு 89.5, ஒப்பீட்டுக்கு எடுத்த பிள்ளைகளுக்கு 97.2. இரண்டுமே இயல்பான எல்லைக்குள் இருப்பவைதான். ஆனால் கண்ணும் கையும் சேர்ந்து செய்யவேண்டிய வேலைகளிலும் வாசிப்பிலும் கணக்கிலும் எடை குறைந்து பிறந்தவர்கள் பின்தங்கினார்கள். அவர்களுள்ளும் நாளும் குறைந்து, அந்த நாளுக்குரிய வளர்ச்சியும் இல்லாமல் பிறந்தவர்களே கடைசியில் நின்றார்கள். கருவில் சரியாக ஊட்டம் கிடைக்காத குழந்தை அவசரமாகவும் வந்துவிட்டால் இரட்டை அடி.

மிகக் குறைந்த வாரங்களில் பிறப்பவர்களைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. 'நாள் நிறைந்துவிட்டது' என்று நாமே சொல்லிக்கொள்ளும் குழந்தைகளைப் பற்றி ஸ்காட்லாந்தில் கண்டதுதான் நம்மை நிறுத்தி யோசிக்கவைப்பது. அங்கே மகப்பேற்றுப் பதிவேட்டையும் பள்ளிக் கணக்கெடுப்பையும் இணைத்து, சுமார் 4 லட்சம் மாணவர்களை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். சிறப்புக் கல்வி உதவி தேவைப்படும் வாய்ப்பு 40 வாரம் வரை படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்தது. 37 முதல் 39 வாரத்துக்குள் பிறந்தவர்களுக்குக்கூட, 40 வாரத்தில் பிறந்தவர்களை விட அந்த வாய்ப்புச் சற்று அதிகம், ஏறக்குறைய 16 விழுக்காடு. ஒரு தனிக் குழந்தையைப் பொறுத்தவரை இது அற்பம். ஆனால் அந்த வாரங்களில் பிறப்பவர்கள் ஏராளம். அதனால் மொத்தக் கணக்கில், சிறப்பு உதவி தேவைப்பட்டவர்களில் 5.5 விழுக்காட்டுக்கு இந்தச் 'சற்று முந்திய' பிறப்பும், 3.6 விழுக்காட்டுக்கு உண்மையான குறைப்பிரசவமும் காரணமாகலாம் என்று கணக்கிட்டார்கள்.

இதைத் தமிழ்நாட்டில் உட்கார்ந்து படிக்கும்போது வேறொன்று நினைவுக்கு வராமல் இருக்காது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019–21) இங்கே பிறப்புகளில் 44.9 விழுக்காடு சிசேரியன். தனியார் மருத்துவமனையில் 63.8. இதில் பெரும்பகுதி மருத்துவத் தேவையால் நடப்பது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் நட்சத்திரம் பார்த்து, ஓரை குறித்து, ஜோசியர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வரும் குடும்பங்களை அறியாத மகப்பேறு மருத்துவர் இங்கே இருக்க முடியாது. மூலம் வேண்டாம், ஆயில்யம் வேண்டாம், தலைப்பிள்ளை சித்திரையில் வேண்டாம். பங்குனி முடிவதற்குள் எடுத்துவிடுங்கள் என்றால், அந்தப் பத்து நாள் குழந்தையின் கணக்கிலிருந்துதான் கழிகிறது. 34 வாரத்தில் மூளையின் எடை நிறைமாத எடையில் சுமார் 65 விழுக்காடுதான். மீதி வளர்ச்சி அந்தக் கடைசி வாரங்களில் நடக்கிறது. காரணம் இல்லாத சிசேரியனை 39 வாரம் முடியும் முன் செய்யவேண்டாம் என்பது பல நாட்டு மகப்பேறு மருத்துவ அமைப்புகளின் பரிந்துரை. ஜாதகம் கணிப்பவர்கள் பிறந்த நேரத்தை இவ்வளவு துல்லியமாகக் கேட்கிறார்கள். பிறந்த வாரத்தையும் சேர்த்துக் கேட்டால் நாட்டுக்கு நல்லது.

சிசேரியன் என்ற முறையே குழந்தையின் மூளையைக் கெடுக்கிறது என்ற பேச்சும் உலவுகிறது. அதற்கு ஆதாரம் இல்லை. ஸ்வீடனில் 1982 முதல் 2010 வரை பிறந்த 27 லட்சம் குழந்தைகளைப் பார்த்தபோது, சிசேரியனுக்கும் ஆட்டிசத்துக்கும் மேலோட்டமாக ஒரு தொடர்பு தெரிந்தது. ஒரே தாய்க்குச் சிசேரியனில் ஒன்றும் சுகப்பிரசவத்தில் ஒன்றுமாகப் பிறந்தவர்களை ஒப்பிட்டதும் அது மறைந்துவிட்டது. கத்தியில் பிரச்சினை இல்லை. கத்தி வைக்கும் நாளில் இருக்கலாம். கொடி சுற்றிப் பிறந்ததும் அப்படித்தான். ஐந்தில் ஒரு குழந்தையாவது கழுத்தில் தொப்புள்கொடியோடு பிறக்கிறது. பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆவதில்லை, தாய்மாமனுக்கும்தான்.

மூச்சுத் திணறலால் மூளை உண்மையிலேயே அடிபட்ட குழந்தைகளின் கதை வேறு. பிரிட்டனில் அப்படிப்பட்ட குழந்தைகளின் உடலை 72 மணி நேரம் குளிர்வித்து வைத்துப் பார்த்தார்கள். 6, 7 வயதில் உயிரோடு இருந்து நுண்ணறிவு ஈவு 85க்குக் குறையாமல் இருந்தவர்கள், குளிர்விக்கப்பட்ட குழுவில் 52 விழுக்காடு. மற்றக் குழுவில் 39. பெரிய வெற்றி. அதே சிகிச்சையை இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளின் 7 மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் சோதித்த முடிவு 2021இல் வந்தது. குளிர்வித்த குழந்தைகளில் 42 விழுக்காட்டினர் இறந்தார்கள், குளிர்விக்காதவர்களில் 31. சிகிச்சை கைகொடுக்கவில்லை என்பதோடு, கேடும் செய்தது. இங்குள்ள குழந்தைகளில் பலருக்கு மூளைக் காயம் பிரசவ நேரத்துக்கு முன்பே, மெல்ல மெல்லத் தொடங்கியிருக்கலாம் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. ஃப்ராய்டின் பழைய கேள்வி தெற்காசியாவில் திரும்ப எழுந்து நிற்கிறது.

ஆக, கர்ப்ப மாதங்களுக்குப் போகவேண்டும். அங்கே மிக உறுதியான ஆதாரம் உள்ள பொருள் மிகவும் மலிவானது: அயோடின். கருவின் மூளை வளரத் தாயின் தைராய்டு சுரப்பு வேண்டும். அதற்கு அயோடின் வேண்டும். கடும் பற்றாக்குறை அறிவு வளர்ச்சியை முடக்கும் என்பது பழைய செய்தி. லேசான பற்றாக்குறையும் தடம் விடும் என்று இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் சுமார் ஆயிரம் தாய்மாரைத் தொடர்ந்த ஆய்வு 2013இல் காட்டியது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் அயோடின் குறைந்திருந்தவர்களின் பிள்ளைகள், 9 வயதில் வாசிப்புத் துல்லியத்திலும் படித்ததைப் புரிந்துகொள்வதிலும் பின்தங்கியிருந்தார்கள்.

இந்தியாவில் அயோடின் கலக்காத உப்பை உணவுக்காக விற்கத் தடை இருக்கிறது. அப்படியிருந்தும் 2018–19இல் நாடு முழுவதும் நடந்த அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் மிகக் குறைவாக இருந்த மாநிலம் தமிழ்நாடு: 61.9 விழுக்காடு. தூத்துக்குடியை வைத்துக்கொண்டிருக்கும் மாநிலம்! உப்பளம் பக்கத்திலேயே இருப்பதும் ஒரு காரணம்தான். அளத்திலிருந்து நேரே மூட்டையில் வரும் கல் உப்பு விலை மலிவு, ஊறுகாய்க்கும் மீன் குழம்புக்கும் அதுதான் ருசி என்பது நம் நாக்கின் தீர்ப்பு. அண்மைக் காலமாக 'இயற்கை உப்பு' என்று அதையே கூடுதல் விலைக்கு வாங்கும் படித்த குடும்பங்களும் சேர்ந்துகொண்டன. அயோடின் கலந்த கல் உப்பும் கடையில் கிடைக்கிறது. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து வாங்கவேண்டும், அவ்வளவுதான்.

தைராய்டைப் பற்றிய இன்னொரு கதை எச்சரிக்கை தருவது. கர்ப்பத்தில் தைராய்டு குறைந்திருந்து, சிகிச்சையும் பெறாத தாய்மாரின் பிள்ளைகளுக்கு நுண்ணறிவு ஈவு சராசரியாக 7 புள்ளி குறைவு என்று 1999இல் அமெரிக்க ஆய்வொன்று சொன்னது. எல்லாக் கர்ப்பிணிக்கும் பரிசோதனை என்ற கோரிக்கை வலுத்தது. பிறகு 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்துப் பரிசோதனையும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2012இல் முடிவு வந்தது: 3 வயதில் பிள்ளைகளிடையே வித்தியாசம் இல்லை. மாத்திரையே சராசரியாக 13ஆவது வாரத்தில்தான் தொடங்கியது, அதற்குள் காலம் கடந்துவிட்டது என்று வாதிடுவோர் உண்டு. அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் தொடர்பு தெரிவது ஒன்று. அதைத் திருத்தினால் பலன் கிடைப்பது மற்றொன்று. குழந்தைக்கே பிறவியில் தைராய்டு இல்லாமல் போவதில் மட்டும் இந்த இழுபறி கிடையாது. சில சொட்டு ரத்தத்தில் கண்டுபிடித்து முதல் இரண்டு வாரத்தில் மாத்திரை தொடங்கினால் அறிவு வளர்ச்சி காப்பாற்றப்படும். இந்தியாவில் ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இது இருக்கிறது. அந்த மலிவான சோதனை நாட்டின் எல்லாப் பிரசவ வார்டிலும் வழக்கமாகவில்லை என்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இரும்புச்சத்திலும் காலக்கணக்கே முக்கியம். ஸ்டாக்ஹோமில் பிறந்த 5 லட்சத்து 32 ஆயிரம் குழந்தைகளை ஆராய்ந்து 2019இல் வெளியான முடிவு இது: 30ஆவது வாரத்துக்கு முன்பே ரத்தசோகை கண்டறியப்பட்ட தாய்மாரின் பிள்ளைகளில் 3.1 விழுக்காட்டினருக்கு அறிவுசார் குறைபாடு. ரத்தசோகை இல்லாதவர்களின் பிள்ளைகளில் 1.3. கடைசி மாதங்களில் வந்த ரத்தசோகைக்கு அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 விழுக்காட்டினர் ரத்தசோகையோடு இருந்ததாக அதே குடும்பநல ஆய்வு (2019–21) சொல்கிறது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 12 வாரத்துக்குள் பதிவுசெய்யச் சொல்வதும், ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் இரும்பு டானிக்கும் பேரீச்சையும் வைப்பதும் இந்தக் கோணத்தில் மிகச் சரி. ஆனால் பதினைந்து வயதிலேயே ரத்தம் குறைந்திருக்கும் பெண்ணுக்கு, கர்ப்பத்தில் தொடங்கும் டானிக் பின்னாலேயேதான் ஓடிக்கொண்டிருக்கும்.

ஊட்டக்குறை எல்லாமே பிள்ளையின் அறிவைக் குறைத்துவிடும் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. 1944–45 பனிக்காலத்தில் நாஜிகளின் முற்றுகையால் மேற்கு ஹாலந்தில் கொடும்பஞ்சம். அப்போது கருவில் இருந்த ஆண்கள் 19 வயதில் கட்டாய ராணுவச் சேவைக்குத் தேர்வெழுத வந்தார்கள். அந்த மதிப்பெண்களை ஆராய்ந்த ஸீனா ஸ்டெய்ன், மெர்வின் சஸ்ஸர் குழு, பஞ்சத்தால் அறிவுத்திறன் குறைந்ததற்கு அடையாளம் இல்லை என்று 1972இல் எழுதியது. அதற்கு முன்னும் பின்னும் நன்றாகச் சாப்பிட்ட சமூகம் அது. தலைமுறை தலைமுறையாக அரைவயிறு உண்ணும் ஊருக்கு அந்த ஆறுதல் பொருந்தாது.

மைசூருவில் 1997–98 முதல் தொடரும் ஆய்வு இன்னும் விசித்திரமானது. கர்ப்பகால நீரிழிவு பிள்ளையின் அறிவைப் பாதிக்கும் என்று மேற்கில் சில ஆய்வுகள் கூறிவந்தன. மைசூருவில் அத்தகைய தாய்மாரின் பிள்ளைகள் 9, 10 வயதில் சில தேர்வுகளில் கூடுதலாகவே மதிப்பெண் வாங்கினார்கள். அந்தத் தாய்மாரின் எண்ணிக்கை சிறிதுதான். என்றாலும், இங்கே சர்க்கரை நோய் அன்று வசதியும் படிப்பும் உள்ள வீடுகளைத் தேடி வந்தது என்பதை மறந்தால் இந்த முடிவு புரியாது. பாரசிட்டமால் விவகாரமும் இதே வகைதான். கர்ப்பத்தில் அதை விழுங்கினால் ஆட்டிசம் வரக்கூடும் என்று 2025இல் அமெரிக்க அரசே எச்சரித்தது. அதற்கு முந்தைய ஆண்டே ஸ்வீடனில் 24 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்து, உடன்பிறந்தவர்களை ஒப்பிட்டால் அந்தத் தொடர்பு நிற்கவில்லை என்று வெளியிட்டிருந்தார்கள். காய்ச்சலைத் தாங்கிக்கொண்டு மாத்திரையைத் தவிர்த்த பெண்களுக்கு யார் பதில் சொல்வது?

பிறந்த பிறகு நடப்பதற்கு எவ்வளவு பலம் என்பதை ஹவாயின் காவாய் தீவு காட்டியது. 1955இல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் நடுவயது வரை தொடர்ந்தார்கள். மிகக் கடுமையான பிரசவச் சிக்கல் இருந்தவர்களுக்கு மட்டுமே அது தனித்து நின்று பாதித்தது. மற்றவர்களிடம், வறுமையும் நிலையற்ற வீடும் சேர்ந்தால்தான் பழைய சிக்கல் தலைதூக்கியது. ஃபுளோரிடாவில் இரட்டையரை ஒப்பிட்ட 2014 ஆய்வும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. இரட்டையரில் எடை அதிகமாகப் பிறந்தவர் பள்ளித் தேர்வில் சற்று முன்னால் நிற்கிறார். நல்ல பள்ளியிலும் சுமாரான பள்ளியிலும் அந்த இடைவெளி அப்படியே இருக்கிறது. ஆனால் படித்த தாயின் எடை குறைந்த பிள்ளை, படிக்காத தாயின் கொழுகொழு பிள்ளையை விட வெகு முன்னால் இருக்கிறது. பெண் குழந்தையைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கவைப்பது அவளுடைய பிள்ளைக்கான மகப்பேற்றுச் சிகிச்சை என்றால் மிகையில்லை.

உதவி எப்போது போய்ச் சேரவேண்டும் என்பதற்கும் ஆதாரம் உண்டு. 1985இல் அமெரிக்காவின் 8 ஊர்களில் எடை குறைந்து நாள் முந்திப் பிறந்த 985 குழந்தைகளைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு 3 வயது வரை வீட்டுக்கே ஆளனுப்பியும் மையத்துக்கு வரவழைத்தும் பயிற்சி தந்தார்கள். 2 கிலோவுக்கு மேல் இருந்தவர்களுக்கு 3 வயதில் நுண்ணறிவு ஈவு 13 புள்ளி கூடியது. அதற்குக் கீழே இருந்தவர்களுக்கு 6.6. பயிற்சி நின்றபின் பலனும் மெலிந்தது. 8 வயதில் கொஞ்சம் மிஞ்சியது பிறப்பில் 2 கிலோவுக்கு மேல் இருந்தவர்களிடம்தான். நம் நாட்டிலோ கற்றல் குறைபாட்டுக்குச் சான்றிதழே 8 வயதில்தான் தொடங்குகிறது. மூன்று வயது வரை கொடுக்கவேண்டியதற்கு மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. பச்சிளங்குழந்தை சிறப்புப் பிரிவிலிருந்து வீட்டுக்குப் போகும் பிள்ளையின் பெயர் மருத்துவமனையில் உண்டு. அந்தப் பெயர் அங்கன்வாடிக்கும் ஒன்றாம் வகுப்புக்கும் போய்ச் சேர்வதற்குத்தான் வழி சரியில்லை. போய்ச் சேர்ந்தாலும், 'குறைமாதப் பிள்ளை' என்ற முத்திரையாக அது மாறிவிடக் கூடாது என்ற கவலையும் நியாயமானதே.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒன்றைப் பிரிஸ்டல் ஆய்வாளர்கள் 2013இல் எடுத்துக்காட்டினார்கள். செப்டம்பர் நடுவில் பிறக்கவேண்டிய குழந்தை இரண்டு மாதம் முந்தி ஜூலை நடுவில் பிறந்துவிடுகிறது என்று வையுங்கள். தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்புக்கு ஜூலை 31 தான் வயதுக் கணக்கு. ஆகவே அந்தக் குழந்தை, உரிய நாளில் பிறந்திருந்தால் எந்த ஆண்டு பள்ளிக்குப் போயிருக்குமோ அதற்கு ஒரு வருடம் முன்பே போய் உட்காருகிறது. வகுப்பிலேயே சின்னப் பிள்ளை. அதிலும் இரண்டு மாதம் குறைந்த பிள்ளை. குறைப்பிரசவத்தால் வந்த பின்னடைவு என்று நாம் எண்ணுவதில் ஒரு பங்கு இந்த வயதுக் கணக்கால் வருவது. ஜூன், ஜூலையில் முந்திப் பிறந்த பிள்ளையின் பெற்றோர் சேர்க்கையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தால் செலவு ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு வகுப்பு முன்னால் போவதை மட்டும் பொறுத்துக்கொள்ளவேண்டியிருக்கும்.